பங்கின் எல்லைக்குள் ஒரு வீடு

மகள் ஆறாம் வகுப்புக்குப் போவதற்கு முந்தைய வருடம் நாங்கள் வீடு மாறினோம். கிழக்கு லண்டனில், குட்மேய்ஸில் இப்போது நாங்கள் இருக்கும் வீட்டில் அறைகள் சின்னவை. தோட்டம் என்று வீட்டுக்காரர் சொன்னது, குப்பைத் தொட்டிகள் நிற்கும் ஒரு சீமெந்துத் துண்டு. ஆனாலும் இந்த வீடுதான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

காரணம் ஒரு பாடசாலை. ஏழாம் வகுப்பிலிருந்து பெண்கள் மட்டும் படிக்கும் கத்தோலிக்க அரசுப் பாடசாலை. கட்டணம் இல்லை, நல்ல பெயர், அதனால் இடத்துக்கு அடிபிடி. சில குறிப்பிட்ட பங்குகளுக்குள், அதாவது கோயில் வட்டாரங்களுக்குள், வசிக்கும் கத்தோலிக்கப் பிள்ளைகளைத்தான் அங்கே முதலில் எடுப்பார்கள். மிஞ்சினால்தான் வெளியில் இருப்பவர்களுக்கு. முந்தைய வீடு அந்தப் பங்குகள் எதிலும் சேராமல் வெளியே நின்றது. மாதக்கணக்காக, கணினித் திரையில் ஒரு பக்கம் பங்குகளின் வரைபடம், மறுபக்கம் வாடகை வீடுகள் என்று வைத்துத் தேடினேன். ஒரு தெருவின் இடப்பக்க வீடுகள் உள்ளே, வலப்பக்க வீடுகள் வெளியே. எந்தச் சந்தியில் கோடு திரும்புகிறது என்று எனக்கு மனப்பாடம்.

"இஞ்சேரும், ஊரில காணி எல்லைக்குச் சண்டை பிடிச்ச ஆக்களைப் பாத்திருக்கிறன். பங்கு எல்லையை அளந்து வீடு எடுக்கிறது நீர் ஒராள்தான்" என்றார் கணவர். ஆனாலும் சாமான்களைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் வந்தார்.

விண்ணப்பத்தோடு ஒரு சான்றிதழ் வைக்கவேண்டும். நாங்கள் ஒழுங்காகப் பூசைக்குப் போகிறவர்கள் என்று பங்குக் குருவானவர் கையெழுத்திட்ட சான்றிதழ். அதைப் பற்றி நான் ஒரு நிமிடம்கூடக் கவலைப்படவில்லை. எல்லாவற்றுக்கும் கவலைப்படும் எனக்கு அந்த ஒன்றில் மட்டும் அவ்வளவு நிம்மதி. பூசை தவறிய ஞாயிறு எங்களுக்குக் கிடையாது. மகளுக்குக் காய்ச்சல் என்றால் எங்களில் ஒருவராவது போவோம்.

ஆனால் நாங்கள் போனது தமிழ்ப் பூசைக்கு. அது ஓரிடத்தில் நடப்பதில்லை. முதலாம் ஞாயிறு கிழக்கு லண்டனில் ஒரு கோயில், அடுத்த ஞாயிறு டூட்டிங் பக்கம், அதற்கடுத்தது மேற்கே ஈலிங் பக்கம் என்று மாறிக்கொண்டே இருக்கும். பூசை எங்கேயோ அங்கே நாங்கள். நான் பாடகர் குழுவில். கணவர் கார்களை ஒழுங்காக நிறுத்துவிக்கிறவர். மகள் பைபிள் வாசகம் வாசிப்பாள். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் எங்கள் சொந்தப் பங்குக் கோயில் இருந்தது. பஸ்ஸில் அதைக் கடக்கும்போது நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வேன். அவ்வளவுதான். அதன் எல்லையைத் தெருத் தெருவாகத் தெரிந்து வைத்திருந்த நான், உள்ளே ஒரு தரம்கூடக் காலடி வைக்கவில்லை.

மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, எங்களை வருடக்கணக்காக அறிந்த தமிழ்க் குருவானவர் அந்தக் கோடையில்தான் மன்னாருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் வந்து சில கிழமைதான். எங்களைப் பற்றி என்ன எழுதுவார், பாவம்?

செப்டெம்பரில் ஒரு ஞாயிறு, முதல் தடவையாக ஒன்பது மணி ஆங்கிலப் பூசைக்குப் போனோம். முடிந்ததும் சான்றிதழ்ப் படிவத்தை நீட்டினேன். பங்குக் குருவானவர் ஐரிஷ்காரர், எழுபது தாண்டியவர், தலை முழுக்க வெள்ளை.

"எந்தப் பூசைக்கு வருவீர்கள்? இதற்கா, பதினொரு மணிக்கா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் தமிழ்ப் பூசையைப் பற்றி, ஊர் ஊராக அது நகர்வதைப் பற்றி, மாற்றலாகிப் போனவரைப் பற்றி எல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார்.

"நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் இதில் நம்புகிறேனா என்று கேட்கவில்லை. தெரியுமா என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு உங்களைத் தெரியாதே."

"ஃபாதர், பிள்ளையின் இடம் போய்விடும்."

"இங்கே ஒரு தாய் மழையென்றாலும் கைக்குழந்தையைத் தள்ளிக்கொண்டு ஒன்பது மணிப் பூசைக்கு வருகிறார். அவருடைய மூத்த மகளும் அதே பாடசாலைக்குத்தான் விண்ணப்பிக்கிறாள். உங்களுக்குச் சும்மா கையெழுத்துப் போட்டுவிட்டு அவருடைய முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?"

படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். நாங்கள் திரும்பும்போது, அடுத்த தமிழ்ப் பூசை எங்கே, எத்தனை மணிக்கு என்று கேட்டார். மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் வெடித்தார். "ரெண்டு பஸ் ஏறிப் பூசைக்குப் போற எங்களிட்டயோ சாட்சி கேக்கிறார்?"

"அவர் சொன்னதில என்ன பிழை?"

"பிழையில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோவம்."

மகள் சோபாவில் இருந்தபடி, "அம்மா, அந்த ஸ்கூல் கிடைக்காட்டி நான் செத்தா போவன்? ப்ளீஸ், மூஞ்சியை உப்பிடி வச்சிருக்காதேங்கோ" என்றாள். அவள் நிதானமாகத்தான் இருந்தாள். நான்தான், இந்தச் சின்ன வீட்டுக்கு எல்லோரையும் இழுத்து வந்தது வீண்தானோ, ஒரு ஞாயிறாவது பக்கத்துக் கோயிலுக்குப் போயிருக்கலாமே என்று மாறி மாறி யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த தமிழ்ப் பூசை ஈலிங் பக்கம், பின்னேரம் நான்கு மணிக்கு. மகள் முதல் வாசகம் வாசிக்க ஏறும்போது, பாடகர் குழுவில் நின்ற நான் தற்செயலாகக் கடைசி வரிசை வாங்கைப் பார்த்தேன். வெள்ளைத் தலை. எங்கள் பங்குக் குருவானவர். காலையில் தன் கோயிலில் இரண்டு பூசை வைத்துவிட்டு, லண்டனின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ரயிலேறி வந்திருந்தார். அடுத்த பாட்டில் என் குரல் எங்கேயோ போய்விட்டது. பக்கத்தில் நின்ற அக்கா முழங்கையால் இடித்தார்.

ஒரு சொல் விளங்காத பூசையில் அவர் முழுக்க இருந்தார். எல்லோரும் எழும்பினால் கொஞ்சம் பிந்தி எழும்பினார். எல்லோரும் முழந்தாளிட்டால் வாங்கைப் பிடித்தபடி மெல்ல முழந்தாளிட்டார். எங்கள் பாட்டுகள் நீளமானவை. ஒரு தரமும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

முடிந்ததும் மண்டபத்தில் தேத்தண்ணியும் மீன் ரோல்ஸும். அவர் கையிலும் ஒன்று இருந்தது. பாடகர் குழு அக்கா என்னிடம் கிசுகிசுத்தார்.

"ஆரடி உந்தச் சாமி? உங்கட ஆளோ?"

"எங்கட பங்குச் சாமி அக்கா. நாங்கள் ஒழுங்காப் பூசைக்கு வாறனாங்களோ எண்டு பாக்க வந்திருக்கிறார் போல."

"வாறனீங்களோவோ? உங்களாலதானே எங்களுக்கு முன்வாங்கில இடமில்லை!" என்றவர் நேரே அவரிடம் போய்த் தன் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். இந்தக் குடும்பம் வராத ஞாயிறு இல்லை, இவளுடைய புருஷன்தான் எங்கள் கார்களுக்கெல்லாம் பொலிஸ், இவள் பாடுவது அப்படி இப்படித்தான், ஆனால் வரவில் குறையில்லை. குருவானவர் வாய்விட்டுச் சிரித்தார். சுற்றிவர ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். ஒரு அண்ணை தமிழிலேயே சொல்லிக்கொண்டு கைபேசியை நீட்டினார்.

"இந்தப் பிள்ளையின்ர ஞானஸ்நானத்துக்கு நான்தான் வீடியோ எடுத்தனான். பாருங்கோ ஃபாதர், கத்துற கத்தலை."

மாற்றலாகிப் போன குருவானவர் தண்ணீர் ஊற்ற, என் மகள் வீரிட்டு அழும் வீடியோ. அதையும் அவர் கடைசிவரை பார்த்தார். பிறகு மகளின் பக்கம் திரும்பி, "இன்றைக்கு உன் குரல் இதைவிட நன்றாக இருந்தது" என்றார். மகள் வெட்கத்தில் என் பின்னால் ஒளிந்தாள்.

பிறகு புதிய தமிழ்க் குருவானவரோடு ஒரு மூலையில் நின்று நெடுநேரம் பேசினார். அடுத்த கிழமை எங்களைக் கூப்பிட்டுக் கையெழுத்திட்டுத் தந்தார். தமிழ்க் குருவானவரின் கையெழுத்தும் கூட இருந்தது. நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"நன்றி எதற்கு? அன்றைக்குத் தெரியாது என்றேன். இப்போது தெரியும்" என்றார்.

முதல் நாளே அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அவரைப் பற்றி இவ்வளவு நினைத்திருக்க மாட்டேன். இல்லை என்று சொன்ன மனிதர் அதோடு விட்டிருக்கலாம். அந்த வயதில் ரயிலேறி வந்து பார்க்கவேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? நானும் கடமை கடமை என்று ஓடுகிறவள்தான். என்னுடைய கடமையெல்லாம் என் வீட்டு வாசலோடு நிற்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

மார்ச்சில் இடம் கிடைத்தது. மின்னஞ்சலைப் பார்த்துக் கணவர் என்னைத் தூக்கிச் சுற்றினார். அந்தச் சின்ன அறையில் கால் மேசையில் இடித்தது. சந்தோஷம் இருந்தது. ஆனால் இரவு சமைக்கும்போதே வேறொரு யோசனை வந்துவிட்டது. கைக்குழந்தையோடு ஒன்பது மணிப் பூசைக்கு வரும் அந்தத் தாய்? அவருடைய மகளுக்குக் கிடைத்ததா? கிடைக்காவிட்டால் அந்த இடத்தில்தானே என் பிள்ளை?

ஞாயிறு காலை போய்க் குருவானவரிடமே கேட்டேன்.

"அந்தத் தாய் யார் ஃபாதர்? பிள்ளைக்கு இடம் கிடைத்ததா?"

"உங்களைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. அவரைப் பற்றி உங்களிடமும் சொல்லமாட்டேன். பூசைக்கு வாருங்கள், நீங்களே அறிந்துகொள்வீர்கள்."

இப்போது எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு பூசை. காலையில் இங்கே, பின்னேரம் தமிழ்ப் பூசை. "ரெண்டா? அம்மா, இது டூ மச்" என்று மகள் முனகுகிறாள். ஒன்பது மணிப் பூசைக்குக் கைக்குழந்தையோடு வரும் தாய்மார் ஒருவர் இருவர் இல்லை. ஒவ்வொரு கிழமையும் நான் ஒவ்வொருவர் பக்கத்தில் போய் உட்காருகிறேன். குழந்தை வாயிலிருந்து விட்டெறியும் சூப்பியை எடுத்துக் கொடுக்கிறேன். மூத்த பிள்ளை எங்கே படிக்கிறாள் என்று கேட்க இன்னும் துணிச்சல் வரவில்லை. பெயரைக் கேட்டு, என் பெயரைச் சொல்கிறேன்.