வாசலை அடைக்கும் மருந்து

என்ன வேலை என்று கேட்பவர்களிடம் ஆய்வகம் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அம்மாவிடம் அப்படி நிறுத்த முடியவில்லை. என்றைக்கோ ஒரு நாயின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து, சிறு குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டுகளில் பெருக்கிவரும் செல்களில் ஃப்ளூ வைரஸைத் தொற்றவைத்து, எந்த மருந்து என்ன செய்கிறது என்று பார்க்கிறோம் என்றேன். நாங்கள் முட்டைகூட வாங்காத சைவக் குடும்பம். "நாயிக்க கிட்னியா? மொதல்ல குளிச்சிட்டு அடுக்களைக்குள்ள வாட்டி" என்றாள். திருவனந்தபுரத்தில் விடுதியில் தங்கி வேலை பார்க்கும் நான் சனிக்கிழமை பூதப்பாண்டி வீட்டுக்கு வந்ததும் செய்கிற முதல் காரியம் அன்றிலிருந்து குளியல்தான்.

அந்தச் சமயம் இரண்டு மருந்துகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். வைரஸால் தானாகப் புரதம் செய்ய முடியாது. நுழைந்த செல்லை வேலை வாங்கித்தான் செய்துகொள்ளும். அந்தப் புரதம் இருக்கும் இடம் பச்சையாக ஒளிரும்படி செய்து நுண்ணோக்கியில் பார்ப்போம். முதல் மருந்து புரத உற்பத்தியையே முடக்குவது. அதைப் போட்ட குழி ஏறக்குறைய இருட்டு. இரண்டாவது, கடையில் கிடைக்கும் ஃப்ளூ மாத்திரையின் மருந்து. அதைப் போட்ட குழியில் தொற்றிய செல்கள், மருந்தே போடாதவை மாதிரி பளிச்சென்று பச்சை. மருந்து கெட்டுப்போச்சு என்று திட்டிக்கொண்டே புதிதாகக் கலக்கினேன். மறுபடியும் பச்சை.

கூடுதல் நேரம் விட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது. மருந்து போடாத குழி முழுக்கப் பச்சை பரவியிருந்தது. இதிலோ முதலில் தொற்றிய செல்கள் மட்டும் அங்கங்கே மின்னின, பக்கத்துச் செல்கள் இருண்டே கிடந்தன. உள்ளே நடக்கும் உற்பத்தியை அந்த மருந்து தொடுவதில்லை. புதிய வைரஸ் வெளியேறும் வாசலை அடைக்கிறது. படித்த விஷயம்தான், ஆனாலும் கண்ணால் பார்த்த சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரம் வீட்டுக்குப் போனால் அம்மா காய்ச்சலில் கிடந்தாள். அவளுக்கு ஏற்கனவே ஆஸ்துமா இழுப்பு உண்டு. சளி நெஞ்சுக்கு இறங்கினால் ஆபத்து. ஃப்ளூதான் என்று டாக்டர் அதே மாத்திரையை எழுதினார். மறுநாளும் உடம்பு கொதித்தது.

"மருந்து கேக்கல்லட்டி" என்றாள்.

"கேக்கும்மா. உள்ள உண்டாவுறத அது நிப்பாட்டாது. மத்த எடத்துக்குப் பரவாம வாசல அடைக்கும். அட்டை முழுசும் தீக்கணும், கேட்டியா?"

"அப்போ உள்ள உள்ளது?"

"அத ஒடம்பு பாத்துக்கிடும்."

அவள் தலையாட்டினாள். ஆய்வகத்தில் செல்கள் தயாராக இருந்ததால் திங்கட்கிழமை கிளம்பிவிட்டேன். போனில் கேட்கும்போதெல்லாம் "போட்டாச்சு" என்றாள். பிறகு ஒரு மத்தியானம் அப்பா கூப்பிட்டார். "அம்மைக்கு மூச்சு முட்டுது மக்ளே. நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கேன்."

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா ஆக்சிஜன் மாஸ்க்குடன் படுத்திருந்தாள். மாத்திரையை முழுசாகச் சாப்பிட்டாரா என்று டாக்டர் கேட்டார். அப்பா விழித்தார்.

"எனக்கும் காய்ச்சல் வந்துது. மிச்சத்த எனக்குத் தந்தா. டாக்டர் எனக்கும் சேத்துத் தந்ததாக்கும்னு நெனச்சேன்."

அவர் காய்ச்சல் விட்டு, திடமாக நின்றார். எனக்கு வந்த கோபத்தில் அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அம்மா போய்விடுவாள் என்று பயந்தேன். கட்டிலை விட்டு நகரவில்லை.

ஒருவழியாகத் தேறினாள். மாஸ்க்கை எடுத்ததும் பொறுக்க முடியாமல் கேட்டேன், ஏன் இப்படிச் செய்தாய் என்று.

"நீதானட்டி சொன்ன, பரவாமத் தடுக்கும்னு. எனக்குத்தான் எல்லா எடமும் பரவியாச்சே. அவருக்கு அன்னைக்குத்தான் தொடங்கிச்சு."

கடையில் இன்னொரு அட்டை வாங்கியிருக்கலாம், என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், இழுப்பு உனக்கா அவருக்கா என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் பரவுவதற்கு முன்னால் போட்டால்தான் பலன் அதிகம் என்பது உண்மை. நான் சொன்னதை அவள் ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறாள். தன்னை மட்டும் அதில் சேர்க்கவில்லை. அதற்கு மேல் கத்த முடியாமல் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன்.