ஆணழகன் நூருல்லாவின் சட்டை

“சட்டையைக் கழட்டினேன்னா ஆயிரம் பேர் கைதட்டணும். அதுக்குக் கம்மின்னா கழட்டவே மாட்டேன்!”

1994இல் மாவட்ட ஆணழகன் பட்டம் வாங்கிய மறுநாள், திருவண்ணாமலைத் தேரடித் தெரு டீக்கடையில், வாயில் பாதிச் சமோசாவுடன் நூருல்லா வெளியிட்ட பிரகடனம் இது. அன்று அவருக்கு நெஞ்சளவு நாற்பத்தாறு அங்குலம். மேடைக்காகப் பூசிய எண்ணெயில் ஒரு கல்யாணத்துக்கே அப்பளம் பொரித்திருக்கலாம்.

இப்போது வயது ஐம்பத்தொன்பது, தொழில் வாடகைப் பாத்திரக் கடை. அண்டா கேட்டு வருபவர் முதலில் அந்தக் காலத்துப் போட்டோவைத் தரிசித்தாக வேண்டும். “ஓரமா மங்கலா நிக்கிறானே, அவன்தான் ரெண்டாவது பரிசு காசி. பெயின்ட் டப்பாவுல சிமென்ட் ரொப்பித் தூக்குவோம். முட்டை எனக்கு ஆறு, அவனுக்கு மூணு. ஹூம், அதெல்லாம் ஒரு காலம்” என்பார். அண்டா கேட்டவர் அடுப்பை நினைத்துத் தவிப்பார்.

இரண்டு வருடத்துக்கு முன் இடது மார்புக் காம்புக்குப் பின்னால் பட்டாணி அளவில் ஒரு கட்டி வந்தது. பிரியாணி அண்டா இடித்த வீக்கம் என்று தாமே தீர்ப்பெழுதி, எட்டு மாதம் தைலம் தேய்த்தார். காம்பு உள்ளே இழுத்துக்கொண்ட பிறகு, மனைவி ரசியா பேகம் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். ஸ்கேன் அறை நர்ஸ் அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு ரசியாவைப் படுக்கச் சொன்னார்.

“நான் நல்லாத்தாங்க இருக்கேன். பேஷன்ட் வெளிய மீசையை முறுக்கிட்டு உக்காந்திருக்காரு.”

மார்பகப் புற்றுநோய். இடது மார்பை எடுத்துவிட்டார்கள். ஊருக்கு அவர் சொன்னது, ‘நரம்பு ஆபரேஷன்’. தினமும் விழுங்கும் மாத்திரையால் திடீரென்று காதுவரை கொதித்து வேர்க்கும்.

“மாதவிலக்கு நின்னப்ப இத்த நான் அஞ்சு வருஷம் பட்டேன். அப்ப ஃபேனைக் கம்மி பண்ணுன்னது யாருங்க?” என்றபடியே ஃபேனைக் கூட்டுவார் ரசியா.

போன வெள்ளிக்கிழமை, கீழ்பென்னாத்தூர் கல்யாணத்துக்கு நாற்காலி ஏற்ற வேனோடு வந்தார் அதே காசி. ஒரு நாற்காலி மார்பில் பட்டதும் முகம் சுளித்தார்.

“இன்னா காசி?”

“ஒரு கட்டி பாய். மூணு மாசமா கீது. ஸ்டியரிங் இடிச்சிருக்கும்.”

“டாக்டராண்ட காட்டு.”

“மார்ல ஆம்பளைக்கு இன்னா பாய் வரப்போவுது? காட்டினா ஊரே சிரிக்கும்!”

நூருல்லா ஷட்டரைப் பாதி இறக்கினார். கழுத்துப் பட்டனில் தொடங்கி ஒவ்வொன்றாக அவிழ்த்தார். காசியின் கையைப் பிடித்து இழுத்து, காம்பில்லாத அந்தத் தட்டையான தையல் தழும்பின்மேல் வைத்துக்கொண்டார்.