ஏறிய மதிப்பெண்

இரண்டாயிரத்துப் பதினாறாம் ஆண்டின் மழைக்காலத் தொடக்கத்தில், நனைந்த பெட்டியுடன் பயிற்சி மைய விடுதிக்கு வந்து நின்ற சின்னவளுக்கு அறைக் கதவைத் திறந்துவிட்டவள் ஒரு மூத்த மாணவி. விடுதியில் அவளுக்குத் ‘தூண்’ என்று பெயர். மருத்துவக் கல்லூரி நுழைவுத்தேர்வுக்கு மூன்றாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள். உடன் படித்தவர்களில் சிலர் தேறிப் போனார்கள். சிலர் போதுமடா சாமி என்று போனார்கள். அவள் மட்டும் நின்றாள்.

“இப்படிக் கூப்பிடுறாங்களே, கோவம் வரலையாக்கா?”

“கட்டடம் விழாம நிக்குதில்ல? அந்தப் புண்ணியம் எனக்குத்தான்.”

குனிந்து குனிந்து படித்துக் கழுத்துப் பிடித்துக்கொண்ட பெண்கள் ஞாயிறுதோறும் அவள் கட்டிலருகே வரிசையில் நிற்பார்கள். அவளுடைய கட்டைவிரல் வலியின் முடிச்சைத் தானாகவே தேடிப் பிடித்துவிடும். அந்த நேரத்தில் மட்டுமே அவள் முகம் தெளிந்திருப்பதைச் சின்னவள் கவனித்திருந்தாள்.

அடுத்த கோடையில் முடிவு வந்தது. சின்னவளுக்கு மருத்துவ இடம் உறுதி. தூணின் மதிப்பெண் சென்ற ஆண்டைவிட ஏறியிருந்தது. ஆயினும் மருத்துவம் மயிரிழையில் தவறியது. இயன்முறை மருத்துவத்துக்கு அது தாராளமாகப் போதும். விருப்பத்தைப் பதிவு செய்ய மறுநாள் மாலைவரை அவகாசம் இருந்தது.

“அதுலயே சேந்துடுங்கக்கா. உங்க கைக்குன்னே வச்ச படிப்பு.”

“எனக்கும் ஆசைதான்டீ. வீட்டுல சொல்லணுமே.”

கைப்பேசியின் ஒலிபெருக்கியில் தூணின் தாயின் குரல் கனிவாகவே வந்தது. “நாங்க ஒண்ணும் சொல்லல, அம்மாடி. உன் இஷ்டம்தான். மார்க்கு ஏறியிருக்குன்னு அப்பா தெரு பூரா சொல்லிட்டு வந்தாரு. நீ வேற படிப்புன்னதும் தட்டைத் தள்ளி வச்சிட்டாரு. அதையெல்லாம் நீ மனசுல வச்சிக்காதே.”

“அப்பாகிட்ட குடும்மா.”

“தூங்குறாரு.”

பின்னாலிருந்து அவர் இருமுவது கேட்டது.

சற்று நேரத்தில் விடுதிக் காப்பாளர் அம்மாள் சிரித்த முகத்துடன் வந்தார். “இயக்குநர்கிட்ட பேசிட்டேன். அடுத்த வருஷம் உனக்குக் கட்டணமே கிடையாது. சாயங்காலம் புதுப் பிள்ளைங்களுக்கு உயிரியல் சொல்லிக் குடு, போதும். ஜன்னலோரக் கட்டிலையும் நீயே எடுத்துக்க.”

எல்லாரும் நல்லவர்களாகவே இருந்தார்கள். கோபித்துக்கொள்ளக்கூட ஒருவரும் அகப்படவில்லை.

“குறைஞ்சிருந்தா விட்டிருப்பாங்க. வருஷா வருஷம் ஏறித் தொலைக்குது” என்றாள் தூண்.

“வேணும்னே நாலு கேள்வியைத் தப்பா எழுதியிருக்கலாமேக்கா?”

“நினைச்சேன். விடை தெரிஞ்சப்புறம் கை கேக்கலடீ.”

மறுநாள் மாலை, பதிவுப் பக்கத்தைத் திறந்து, படிப்பையும் தேர்ந்தெடுத்துவிட்டாள். உறுதி செய்யும் பொத்தானுக்கு விரல் போன வேளையில் தந்தை அழைத்தார்.

“சாப்பிட்டியாம்மா?”

அவர் கேட்டது அவ்வளவே. அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள்.

“நீங்க சாப்பிடுங்கப்பா. இன்னொரு தடவை எழுதுறேன்.”

பதிவுப் பக்கம் தானே மூடிக்கொள்ளும்வரை அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே சின்னவளின் தந்தை வண்டியுடன் காத்திருந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போன சின்னவளைத் தூண் கூப்பிட்டாள்.

“உன் உயிரியல் புத்தகத்தை வச்சிட்டுப் போறியா? என்னோடதுல கோடு போடாத வரியே இல்லை. எதைப் படிக்கிறதுன்னு தெரியல.”