சொக்கம்மாளின் காலர் முனை

சொக்கம்மாளின் கைகள் இரண்டும், மடியிலிருந்து மேலே இழுத்துவிட்ட ஒரு துணிக்குள் மறைந்திருந்தன. காலரின் இரண்டு துண்டுகளும் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்றாக ஊசிக்கு அடியில் ஓடின. மூலை வந்ததும் மெஷின் நின்றது. ஒரு சாண் நூல் துண்டுகளுக்கு நடுவே நுழைந்து, மூலையில் ஒரே தையலில் மாட்டி மடங்கியது. தையல் அடுத்த பக்கம் திரும்பி ஓடி முடிந்தது. பிறகு துணியைப் புரட்டி, நூலின் இரு நுனிகளையும் சேர்த்து ஓர் இழுப்பு. காலர் முனை கோழி அலகு போல வெளியே வந்தது. ஒரு நுனியை மட்டும் பிடித்து நூலை உருவிய விரல்கள் அதைத் தரையில் போடாமல் இடுப்பில் செருகிக்கொண்டன.

"இன்னாமே, மடியில புள்ளயா வெச்சிக்கினு கீற? மூடி மூடித் தைக்கிற?" என்றாள் பக்கத்து மெஷின் அங்கம்மா.

"குளுருது."

"சித்திர மாசத்துலயா?"

சொக்கம்மாள் துணியை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடிக்கொண்டாள். வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து பஸ் ஏறி, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருந்த அந்த ஏற்றுமதிக் கம்பெனிக்கு அவள் ஆறு வருடமாக வந்துகொண்டிருந்தாள். பழைய கிடங்கைத் தடுத்து மெஷின் போட்டிருந்தார்கள். ஆறு வருடமும் அவளுக்குக் காலர்தான். நூல் வித்தையை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வண்ணாரப்பேட்டை நடைபாதையில் வாங்கிய ஒரு வெளிநாட்டுப் பழைய சட்டையைப் பிரித்தபோது, காலர் முனைக்குள் அறுந்த நூல் துண்டு ஒன்று சிக்கியிருந்தது. தைத்தவர் உருவ மறந்த நூல். அது அங்கே ஏன் வந்தது என்று கந்தல் துணியில் தைத்துத் தைத்துத் தானே கண்டுபிடித்தாள். அதனால் அது தன் சொத்து என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

அந்த 2002ஆம் வருடம் மேனேஜராக வந்த செங்குட்டுவன் சாருக்கு வேறு எண்ணம். ஒரு ஆள் லீவு போட்டால் அந்த ஆளின் வேலை மட்டும் கெட்டுப்போவதை அவர் கவனித்தார். "ஒருத்தருக்குத் தெரிஞ்சது லைன் முழுக்கத் தெரியணும்" என்று எல்லோரையும் கூட்டிச் சொன்னார். யாருக்கு என்ன கைமுறை தெரியுமோ சொல்லலாம். அவரே அட்டையில் படம் வரைந்து, சொன்னவர் பெயரை எழுதி, மெஷினுக்கு மேலே மாட்டுவார். மற்றவர்கள் அதிகம் எடுத்துக்கொள்ளும் முறை யாருடையதோ, சாம்பிள் மெஷின் அவருக்கு.

சாம்பிள் மெஷினில் உட்காருகிறவர், வாங்குகிறவர்களுக்கு மாதிரி காட்டும் சட்டையை முதலிலிருந்து கடைசிவரை தைப்பார். தன் கையால் ஒரு முழுச் சட்டை. அந்த இடத்துக்காகச் சொக்கம்மாள் எதையும் கொடுத்திருப்பாள், நூலைத் தவிர. எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் அப்புறம் நான் எதற்கு என்று நினைத்தாள். என் காலரைப் பார்த்து அவர்களே கூப்பிடட்டும்.

முதல் அட்டை உமைமாவுடையது. ராயபுரத்துப் பெண், வேலைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. மூங்கில் குச்சியைச் சீவி, கண்ணாடிச் சில்லால் வழவழப்பாக்கி, புரட்டிய காலருக்குள் விட்டு முனையைத் தள்ளுவாள். கேட்டவர்களுக்கெல்லாம் குச்சி சீவியும் கொடுத்தாள். காலர் லைனில் எல்லார் கையிலும் குச்சி. திருத்தத்துக்குத் திரும்பி வரும் சட்டைகள் குறைந்தன. சாம்பிள் மெஷின் உமைமாவுக்குப் போனது.

சொக்கம்மாளுக்கு அன்று முதல் சோறு இறங்கவில்லை. உமைமா சிரித்தால் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று தோன்றியது. குச்சியால் தள்ளிய முனைகளில் ஒரு சுருக்கம் நிற்கும். தன் முனைகளில் நிற்காது. அது யார் கண்ணிலும் படவில்லையே என்று எரிந்தாள். தலைக்கு மேலே தொங்கிய அட்டையில் உமைமாவின் பெயரைப் படிக்காமல் இருக்க, நாள் முழுவதும் குனிந்தே தைத்தாள்.

"குச்சிய வெச்சே குமரி ஜெயிச்சிட்டா பாரு" என்று அங்கம்மா சும்மா இல்லாமல் சீண்டினாள்.

"குச்சி ஒரு நாளு குத்தும்" என்றாள் சொக்கம்மாள்.

குத்தியது. மல் துணியைவிட மெல்லிய வெள்ளைத் துணியில் ஒரு புது சாம்பிள் வந்தது. சாயங்காலம் ஏஜென்ட் வந்து வாங்கிப்போவார். உமைமா தள்ளிய குச்சி முனையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. மெதுவாகத் தள்ளிய இரண்டாவதும் அப்படியே. துணியில் இன்னும் ஒரே ஒரு காலருக்குத்தான் மிச்சம். சட்டை உடம்பு கழுத்தில்லாமல் ஹேங்கரில் தொங்கியது.

சொக்கம்மாள் தலை தூக்காமல் எல்லாவற்றையும் பார்த்தாள். சாயங்காலம்வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அந்த மெஷின் காலியாகிவிடும்.

உமைமா எழுந்து நேராக அவளிடம் வந்தாள்.

"அக்கா, இது உன் வேல. என்னால ஆவல."

"உன் குச்சி இன்னாச்சி?"

"குச்சியா! உன் காலரப் பாத்து வவுறு எரிஞ்சிதான் நான் குச்சியே சீவுனேன். வந்த நாள்லேருந்து பாக்கறேன், உன்து ஒண்ணுகூட திரும்பி வரல. மடிய மூடிக்கினு இன்னாதான் பண்றியோன்னு எனக்கு வூட்ல தூக்கம் இல்ல. நீ டீ குடிக்கப் போசொல்ல உன் மெஷினுக்கு அடில தேடிப் பாத்தேன். ஒண்ணும் இல்ல."

சொக்கம்மாளின் கை நின்றது.

"இன்னா சொன்ன?"

"தேடிப் பாத்தேன்னேன். கோச்சுக்காத."

"அதுக்கு முன்னாடி."

"வவுறு எரிஞ்சிதுன்னேன்."

"இன்னொரு தபா சொல்லு. அங்கம்மா காதுல வியட்டும்."

"வவுறு எரிஞ்சிதுக்கா! போதுமா?" உமைமாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அங்கம்மா மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். செங்குட்டுவன் சாரும் வந்து நின்றார்.

சொக்கம்மாள் சாம்பிள் மெஷினை ஒரு முறை பார்த்தாள். இந்தக் காலரைத் தைத்துக் கொடுத்தால் அந்த மெஷின் உமைமாவிடமே நிற்கும். அவளுக்கு அது தெரியும்.

"சார், அட்டைல பேரு பெருசா எழுதணும். சொக்கம்மாள்னு. அவ அட்டைக்கு மேல மாட்டணும்."

"மாட்டலாம்மா."

"கீழ இல்ல, பக்கத்துல இல்ல. மேல."

"சரிம்மா, மேலதான்."

அவள் மடியில் கிடந்த துணியை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். வெள்ளைத் துணியைக் கையில் எடுத்து, வெள்ளைக்கு வெள்ளை நூல் போட்டால் யாருக்கும் தெரியாது என்று சிவப்பு நூலை அறுத்துக்கொண்டாள். எல்லார் கண் முன்னாலும் மூலையில் படுக்கவைத்தாள், ஒரு தையல் விட்டாள், மடக்கினாள். காலர் லைன் முழுதும் எழுந்து சுற்றி நின்றது. புரட்டி இழுத்தபோது யாரோ "யம்மாடி" என்றார்கள். இரண்டாவது முனையை இன்னும் மெதுவாக இழுத்தாள்.

நூல் இரண்டையும் உருவி, ஓரம் தைத்து, விரல் நகத்தால் நீவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இரண்டு முனையும் ஒரே கூர்மை. விட மனசில்லாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"கயுத்து வளைவு இயுக்காம வெச்சித் தையி" என்று சொல்லி, காலரை உமைமாவின் கையில் கொடுத்தாள்.