என் பெயருக்குக் கிடைத்த கிண்ணம்

எங்கள் ஊர்ப் பக்கத்தில் பள்ளிக்கூடத்தையும் கல்லூரி என்றுதான் சொல்வோம். நானும் ஒரு கல்லூரியில் படித்தவன்தான், சாதாரண தரப் பரீட்சை வரைக்கும். அங்கே நான் பந்தை உதைத்ததை விட, வெளியே போன பந்தை ஓடிப்போய் எடுத்துக் கொடுத்ததுதான் அதிகம். அப்படிப்பட்ட எனக்கு, பாரிசில் ஒரு வருடம் சிறந்த ஆட்டக்காரர் கிண்ணம் கிடைத்தது.

இங்கே பழைய மாணவர் சங்கங்கள் சேர்ந்து கோடையில் கல்லூரிகளுக்கு இடையே உதைபந்தாட்டப் போட்டி வைக்கும். அந்தந்தக் கல்லூரியில் படித்தவர்கள் மட்டும் விளையாடலாம். அதற்கு அத்தாட்சியாகப் பள்ளி விடுகைப் பத்திரத்தின் பிரதியைக் கொடுக்க வேண்டும். ஊரில் போர் முடிந்த அடுத்த கோடையில் எங்கள் அணிக்கு ஆள் போதவில்லை. லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் நான் சமைக்கும் உணவகத்துக்கு எங்கள் சங்கச் செயலாளர் வந்தார்.

"அண்ணை, உங்கட பத்திரத்தை ஒருக்காத் தாங்கோ. வன்னிப் பெடியன் ஒருத்தன் இருக்கிறான். நல்லா விளையாடுவான்."

"அவன் எங்கட கல்லூரி இல்லையே."

"உங்கட பேரைத்தானே கேக்கிறன். காலைக் கேக்கேல்லையே!"

பத்திரத்தில் படம் இல்லை. ஒருவருடைய வதிவிடக் கார்ட்டில் இன்னொருவர் வேலை செய்வது இங்கே புதிதும் இல்லை. கேட்டவருக்கு இல்லை என்று சொல்ல எனக்கு எப்போதும் வராது. கொடுத்துவிட்டேன்.

செயலாளர் பெடியன் என்று சொன்னாலும் அவனுக்கு முப்பது வயது இருக்கும். பக்கத்துத் தெரு உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினான். அகதி வழக்கு இரண்டாம் தரமும் நிராகரிக்கப்பட்டிருந்தது. பாரிசுக்கு வெளியே செவ்ரான் பக்கத்து மைதானத்தில் அவன் ஏழாம் இலக்கச் சட்டையோடு ஓடியதைப் பார்த்தேன். பந்து காலில் இருக்கும்போது அவன் அவசரப்பட மாட்டான். எதிரில் வருபவன்தான் அவசரப்பட்டு விழுவான். இறுதி ஆட்டத்தில் மூலையிலிருந்து அவன் அடித்த பந்து வளைந்து நேரே வலைக்குள் போனது. ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொன்னார்கள். பக்கத்தில் நின்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். வெற்றிக் கிண்ணம் எங்கள் அணிக்குக் கிடைத்தது.

திரும்பி வரும்போது ரயிலில் அவன் என் பக்கத்தில் இருந்தான்.

"அண்ணை, சிறந்த ஆட்டக்காரர் ஆரெண்டு அடுத்த கிழமைதான் முடிவெடுப்பினமாம். உங்கட உணவகத்திலதான் கூட்டமாம்."

"ஓம். உனக்குத்தான் தருவினம்."

"எனக்குக் கிண்ணம் வேண்டாம் அண்ணை. மைக்கில என்ர பேரை ஒருக்காச் சொல்லட்டும். எங்கட பள்ளிக்கூடத்தின்ர பேரையும். எங்கட பள்ளிக்கூட ரீமில சண்டைக்குப் பிறகு விளையாடக்கூடிய ஆள் நான் ஒருத்தன்தான். நீங்கள் சொன்னால் கேப்பினம்."

"சொல்லுறன்" என்றேன்.

அடுத்த ஞாயிறு உணவகத்தின் கீழ் அறையில் கூடினார்கள். கல்லூரிக்கு ஒருவர். நான் மேலே ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தேன். படியால் இறங்கும்போதே சத்தம் கேட்டது.

"எங்கட கோலி முழுப் போட்டியிலயும் ஒரேயொரு கோல்தான் விட்டவர்" என்றார் நகைக்கடைக்காரர். அவர் வேறொரு கல்லூரியின் ஆள்.

"கோலி நிண்ட இடத்திலதானே நிண்டவர்" என்றார் எங்கள் செயலாளர்.

"நிக்கிறதுதானப்பா கோலியின்ர வேலை! பிறகென்ன, நடுவில வந்து ஆடோணுமே? அது கிடக்கட்டும், உங்கட ஏழாம் நம்பர் ஆர்? கூப்பிடுங்கோ பாப்பம்."

அந்த நேரம் பார்த்து நான் ரோல்ஸும் தேநீரும் வைத்த தட்டோடு உள்ளே போனேன்.

"இந்தா வாறார் ஏழாம் நம்பர், தேத்தண்ணியோட! அண்ணை, இந்த வண்டி வயித்தை வச்சுக்கொண்டோ மூலையிலயிருந்து அப்பிடி வளைச்சு அடிச்சனீங்கள்?" என்று நகைக்கடைக்காரர் கேட்டார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போட்டிக் குழுத் தலைவர் வயதானவர், நல்ல மனிதர். கையை உயர்த்தினார். "பகிடி காணும். தம்பி, நீர் சொல்லும். விளையாடினது நீர்தானோ? இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லும். ஒரு வழி பாப்பம்."

எங்கள் செயலாளர் என்னைப் பார்க்காமல் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். ஆள்மாறாட்டம் தெரிந்தால் அணியின் வெற்றிக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. நான் சொல்லாமல் விட்டதற்கு அதுதான் காரணம் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. மற்ற எட்டுப் பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்ல வேண்டியதை ஒரு கிழமையாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகி வைத்திருந்தேன். வாய் திறந்தபோது வந்தது வேறு.

"ஓம்" என்றேன்.

இன்னும் பெரிய சிரிப்பு. நகைக்கடைக்காரர் விடுவதாக இல்லை. அப்போது செயலாளர் கரண்டியை வைத்துவிட்டு, "உங்கட ரீமில எல்லாப் பத்திரமும் சரியோ? ஒவ்வொண்டாப் பாப்பமோ?" என்று கேட்டார். நகைக்கடைக்காரர் உடனே ரோல்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்தார். ஏழாம் இலக்கத்துக்குத்தான் கிண்ணம் என்று தலைவர் எழுதினார். நான் வெறும் தட்டை எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

பரிசளிப்பு சென் தெனியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அவன் வெள்ளைச் சட்டை போட்டு, தலையை நன்றாக வாரி வந்து என் பக்கத்தில் இருந்தான். கூட்டத்தில் நடந்ததை அவனிடம் சொல்ல அந்தக் கிழமை இரண்டு முறை அவன் வேலை செய்யும் இடத்து வாசல் வரைக்கும் போய்த் திரும்பியிருந்தேன். பக்கத்தில் இருந்தபோதும் சொல்லவில்லை. மைக்கில் என் பெயரையும் என் கல்லூரியின் பெயரையும் சொன்னார்கள். அவன் கொஞ்ச நேரம் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முழங்கையால் என்னை மெதுவாகத் தட்டினான்.

"போங்கோ அண்ணை. கூப்பிடுகினம்."

போனேன். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு திரும்பியபோது எல்லாரையும் போல அவனும் கை தட்டிக்கொண்டிருந்தான். அவனிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்து, "நல்ல பாரம்" என்று சொல்லித் திருப்பித் தந்தான். சாப்பாட்டுக்கு முன்பே வேலைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனான்.

அந்த இலையுதிர் காலத்தோடு அவனுடைய தொலைபேசி வேலை செய்யவில்லை. லண்டனுக்குப் போய்விட்டான் என்றார்கள். காவல்துறை பிடித்துவிட்டது என்றும் சொன்னார்கள். பக்கத்துத் தெரு உணவகத்தில் வேறு ஒருவர் கோப்பை கழுவினார்.

சங்கங்கள் சேர்ந்து ஆண்டுதோறும் ஒரு மலர் அச்சடிக்கும். அதில் சிறந்த ஆட்டக்காரர் பட்டியலில் அந்த வருடத்துக்கு நேரே என் பெயர் இருக்கும். புதிதாக வரும் பெடியள், "அண்ணை, நீங்களோ?" என்று கேட்பார்கள். நான் அடுப்பைப் பார்ப்பேன். போன வருடம் மலர் தயாரிக்கும் தம்பி உணவகத்துக்கு வந்தபோதுதான் முதல் முறையாக வாய் திறந்தேன். விளையாடியது நான் இல்லை என்றேன். அவன் பெயரையும், அவன் படித்த பள்ளிக்கூடத்தின் பெயரையும் சொன்னேன்.

அந்தத் தம்பி சிரிக்கவில்லை. "மாத்தலாம் அண்ணை, அதிலயென்ன" என்று எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டுத்தான் கேட்டார்: "அவர் இப்ப எங்கை? என்ன பேரில இருக்கிறார்? இதைப் போட்டு அவருக்கு ஏதும் பிரச்சினை வராதோ?"

அது எனக்குத் தெரியாது. அதனால்தான் இங்கேயும் அவன் பெயரை நான் எழுதவில்லை.

என் பெயரை மட்டும் எடுத்துவிடச் சொன்னேன். இந்த ஆண்டு மலரில் அந்த வருடத்துக்கு நேரே ஒரு சிறிய கோடு போட்டிருக்கிறார்கள்.