முதலைக்குப் பூசிய சிமெண்ட்

எங்கள் விலங்கியல் ஆய்வக அட்டெண்டர், கிருத்திகை தவறாமல் மலையில் முடி கொடுத்துவிட்டு, சந்தனம் காயாத மொட்டையோடு வேலைக்கு வருவார். எங்கே விரிசல் கண்டாலும் வெள்ளை சிமெண்ட் குழைத்துப் பூசிவிடுவார், சொல்லி மாளாது. செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள், முதலை மண்டையோட்டில் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஓட்டைகளையெல்லாம் வழவழவென்று அடைத்து வைத்திருந்தார்.

“என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?” என்று கத்தினேன்.

“ஓட்ட ஓட்டையா தெரிஞ்சிகினு இருந்துச்சு சார். நாளைக்கு வெளியூரு சாருங்க வராங்களேன்னு அடைச்சிட்டேன்.”

“தாடைத் தசைக்காகப் பொறப்புலயே இருக்கிற ஓட்டைங்க அது! அதை வெச்சுத்தான் பசங்களுக்குக் கேள்வியே!”

அவர் தன் மொட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். இருட்டும்வரை நான் சுரண்டினேன்.

மறுவாரம் அதே மண்டையோட்டில் ஒரு சின்னத் துளையைக் காட்டி, “சார், இது பொறப்புல வந்ததா, ஒடஞ்சதா?” என்றார்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு உற்றுப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. அவர் சிமெண்ட் கிண்ணத்தோடு காத்துக்கொண்டிருந்தார்.