காய்ச்சலோடு வா

நகரியில் விசைத்தறி ஓட்டும் கல்பனாவுக்குச் சின்ன வயதிலிருந்தே காய்ச்சல் வந்து வந்து போகும். கூடவே வயிறு கல்லாய் இறுகிவிடும். இரண்டு மூன்று நாளில் தானே இறங்கிவிடும். ஒரு டாக்டர் டைஃபாய்டு என்றார். இன்னொருவர் குடல்வாலை அறுத்தே எடுத்தார். அதற்குப் பிறகும் வந்தது.

"வேலைக்குப் போவ சோம்பலு," என்று கணவன் பிரபாகரே சொல்லத் தொடங்கியிருந்தான்.

திருப்பதியில் டாக்டர் ஸ்வர்ணலதாதான் வேறு மாதிரி சொன்னார். "காய்ச்சல் அடிக்கும்போதே வாம்மா. அப்போ ரத்தம் பார்க்கணும்."

வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்ததை இப்போது எதிர்பார்த்துத் தவித்தாள். அந்த மாதம் பார்த்து வரவில்லை. ஒருவழியாக வந்தபோது, பல் கிட்டும் குளிரோடு பிரபாகரின் தோளில் சாய்ந்து பஸ் ஏறினாள்.

ரத்தத்தில் கிருமி எதுவும் இல்லை. "கிருமி வந்துட்டதா நெனச்சு உடம்பு சும்மாவே சண்டை போடுது," என்ற டாக்டர், "உங்க அம்மா, நைனா சொந்தத்துலயே கட்டிக்கிட்டவங்களா?" என்று கேட்டார்.

"அம்மாவோட தாய்மாமன்தாங்க நைனா."

மரபணுச் சோதனையில் உறுதியானது. பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்த பரம்பரைக் காய்ச்சல். தினமும் மாத்திரை, விட்டால் கிட்னி கெடும்.

காய்ச்சல் அடங்கியது. மனசு அடங்கவில்லை. மகள் காவ்யாவை அவள் தம்பி கிரண்குமாருக்கே கட்டிக்கொடுப்பதாக வீட்டில் பேச்சு இருந்தது. காவ்யாவிடம் அந்தப் பழுதில் ஒரு பாதி நிச்சயம் இருக்கும், தம்பியிடமும் இருக்கலாம், இரண்டு பாதியும் சேர்ந்தால் பிள்ளைக்கும் இதே காய்ச்சல் என்றார் டாக்டர். கல்பனா தம்பிக்குப் போன் செய்து ரத்தம் பார்க்கச் சொன்னாள்.

"எனக்கு இன்னா சீக்கு? பொண்ணு குடுக்க இஷ்டம் இல்லன்னா நேரா சொல்லுக்கா."

"நான் பட்டது உன் புள்ளயும் படணுமாடா?"

அவன் போனை வைத்துவிட்டான். கல்பனா அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்தாள். காவ்யா போனை வாங்கி அவனை மறுபடி அழைத்தாள்.

"மாமா, டெஸ்ட் எடுக்கறதும் எடுக்காததும் உன் இஷ்டம். எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன்."

பிரபாகர் சோற்றிலிருந்து கையை எடுத்தான்.

கிரண்குமார் அதற்குப் பிறகு வீட்டுப் பக்கம் வரவில்லை. சித்தூரில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தானாம். அம்மா சொல்லித்தான் தெரிந்தது. முடிவு என்னவென்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. தறிச் சத்தத்தில் மணி கேட்காது என்று கல்பனா போனை எதிரிலேயே வைத்துக்கொண்டு, நூல் அறும்போதெல்லாம் அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறாள்.